நாற்பத்தொரு பேரோடு தனியாக: பாபநாசம் முதல் கல்லிடைக்குறிச்சி வரை ஒரு பாடப் பயணம்

தை மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை பாபநாசம் போய்வந்தேன். தனியாகத்தான் போனேன். ஆனால் என் கைப்பையில் இருந்த போனுக்குள் ஒன்பதாம் வகுப்பு ‘பி’ பிரிவின் நாற்பத்தொரு பிள்ளைகளும் கூடவே வந்தார்கள். வந்தார்கள் என்று அன்று காலை பத்து மணி வரை நம்பிக்கொண்டிருந்தேன் என்று சொல்வதுதான் சரி.

எனக்கு வீடு மேலப்பாளையம். வேலை, அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் ஓர் உதவிபெறும் பள்ளியில். சமூக அறிவியல் நடத்துகிறேன். இரண்டு வருடமாக என் வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறேன். அன்றன்றைய பாடத்தை ஒட்டி ஒரு சின்ன வீடியோ, ஒரு கேள்வி, அவ்வளவுதான். பாடநூல் வரைபடத்தில் தாமிரபரணி ஒரு நகக்கீறல் அளவுக்குத்தான் இருக்கிறது. அதன் கரையிலேயே குடியிருக்கிற பிள்ளைகள் அந்த நகக்கீறலைப் பார்த்து ‘ஆற்றின் போக்கு’ படிப்பது எனக்குப் பொறுக்கவில்லை. வகுப்பையே அழைத்துப் போகலாம் என்று கேட்டேன். அனுமதி கிடைக்கவில்லை. சரி, நான் போகிறேன், ஆற்றை அவர்களுக்கு அனுப்புகிறேன் என்று முடிவு செய்தேன்.

இன்னொரு காரணமும் இருந்தது, அதுதான் பெரிய காரணம். பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் மாரியப்பன் என்ற மாணவனின் அம்மா பள்ளிக்கு வந்துவிட்டார். “பாடம் பாடம்னு போனக் கேக்கான் சார். குடுத்தா ரீல்ஸ் பாக்குதான். இந்தக் குரூப்பை யாரு ஆரம்பிக்கச் சொன்னா?” என்று தலைமை ஆசிரியர் அறையிலேயே கேட்டார். அவருக்குப் பின்னால் இன்னும் நான்கு பெற்றோர். தலைமை ஆசிரியர் நிதானமான மனிதர். என்னைக் கூப்பிட்டு, “செவ்வாய்க்கிழமை பெற்றோர் கூட்டம் இருக்கு. பிள்ளைங்க இதுல உண்மையிலேயே படிக்கிறாங்கன்னு காட்டுங்க. காட்ட முடியலன்னா அன்னைக்கே மூடிருவோம்,” என்றார்.

காட்டிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்குப் பிடிவாதம் கொஞ்சம் அதிகம் என்று வீட்டில் சொல்வார்கள். கொஞ்சம் இல்லை, நிறையவே அதிகம். யார் யார் பார்த்தார்கள், யார் பதில் சொன்னார்கள் என்று ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பதினொரு பக்கம் அச்சடித்துப் பையில் வைத்திருந்தேன். அதில் முதல் பெயர் ஜெபா. குழுவில் கேள்வி போட்டால் ஐந்து நிமிடத்துக்குள் அவளிடமிருந்து பதில் வந்துவிடும். வகுப்பில் வாயே திறக்காத பெண், போனில் இப்படிப் பிரகாசிக்கிறாளே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. இந்தக் குழு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஜெபாதான் என் பதில்.

காலை 6.10-க்குத் திருநெல்வேலி புதிய பேருந்து நிலையத்தில் பாபநாசம் பேருந்து. விக்கிரமசிங்கபுரத்துக்கு டிக்கெட் நாற்பது ரூபாய். பெண்களுக்கு இலவசம் நகரப் பேருந்தில் மட்டும்தான். இது புறநகர்ப் பேருந்து, காசு கொடுத்தாக வேண்டும். ஓட்டுநருக்குப் பின்னால் மூன்றாவது இருக்கை, இடது ஜன்னல். சேரன்மகாதேவி தாண்டியதும் பிசானப் பருவ நெல் பச்சையும் மஞ்சளுமாகக் கிடந்தது. கன்னடியன் கால்வாய் கண்ணில் பட்டபோது போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டி முதல் வீடியோவை எடுத்தேன். நடத்துநர், “டீச்சர், கைய உள்ள வைங்க. பாடம் நடத்த கை வேணும்லா,” என்றார். தினமும் இந்தத் தடத்தில் போகிறவள் என்பதால் என்னைத் தெரியும். கையை உள்ளே வைத்தேன். வீடியோவில் பாதி ஜன்னல் கம்பிதான் வந்திருந்தது.

ஒன்றே முக்கால் மணி நேரத்தில், 7.55-க்கு விக்கிரமசிங்கபுரம். ஊரே நூல் ஆலையைச் சுற்றி வளர்ந்தது. ஷிப்ட் முடிந்தவர்கள் டிபன் தூக்கைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு எதிரே வந்துகொண்டிருந்தார்கள். இவர்களில் எத்தனை பேர் என் பிள்ளைகளின் அப்பாக்கள் என்று நினைத்துக்கொண்டே ஓர் ஓட்டலில் நான்கு இட்லியும் ஒரு காபியும் முடித்தேன். அறுபது ரூபாய். சாம்பார் சுமார், சட்டினி பிரமாதம்.

ஆட்டோ முன்பே பேசி வைத்திருந்தேன். “எங்க அப்பா ஆட்டோதான் ஓட்டுதாங்க, அவுங்களையே கூப்பிட்டுக்கோங்க டீச்சர்” என்று வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்து ஜெபாதான் சொன்னாள். நேரத்தையும் அவளிடமே சொல்லியனுப்பினேன். அவள் அப்பா அருள்ராஜுக்கு நாற்பது வயதிருக்கும். மடித்துக் கட்டிய சாரம், காக்கிச் சட்டை. பாபநாசம், அங்கிருந்து மணிமுத்தாறு அணை, கடைசியில் கல்லிடைக்குறிச்சியில் இறக்கிவிட வேண்டும். காத்திருப்பு உட்பட ஆயிரத்து இருநூறு ரூபாய்.

“ஏறுங்க டீச்சர். வீட்டுல எப்பப் பாத்தாலும் டீச்சர் அப்படிச் சொன்னாவ, டீச்சர் இப்படிச் சொன்னாவன்னு ஒங்க பேச்சுத்தான்,” என்றார். இதைக் கேட்ட எந்த ஆசிரியைக்கும் என்ன ஆகுமோ அதுதான் எனக்கும் ஆனது. காற்றில் மிதந்தபடி மூன்று கிலோமீட்டர் போனேன்.

பாபநாசம் படித்துறையில் எட்டரை மணிக்கே நல்ல கூட்டம். தண்ணீர் குளிர்ந்து, தெளிந்து ஓடியது. பொரி போட்டால் மீன்கள் படிக்கட்டு வரை ஏறி வந்தன. படித்துறைக்குக் கொஞ்சம் கீழே ஆறு இடது பக்கமாக வளையும் ஓர் இடம் உண்டு. அங்கே ஒரு பாறையில் நின்று இரண்டு நிமிட வீடியோ எடுத்தேன். ‘இந்த இடத்தில் தண்ணீர் எங்கே வேகமாக ஓடுகிறது? ஏன்?’ என்று கேட்டு 9.05-க்குக் குழுவில் போட்டேன். சிக்னல் ஒற்றைக் கோடு. வீடியோ போய்ச்சேர ஏழு நிமிடம் பிடித்தது. சோதனைச் சாவடி தாண்டி மேலே அகத்தியர் அருவிக்குப் போகலாம்தான். ஆனால் அங்கே அந்த ஒற்றைக் கோடும் கிடைக்காது என்பதால் போகவில்லை. என் நாற்பத்தொரு பேரை விட்டுவிட்டு அருவியில் குளிக்க மனம் வரவில்லை.

9.16-க்கு ஜெபாவிடமிருந்து பதில். ‘நடுவில்தான் வேகம் டீச்சர். ஓரத்தில் கரை உரசுவதால் தண்ணீர் மெதுவாகப் போகும்.’ எவ்வளவு தெளிவு, பாருங்கள். உடனே ‘மிகச் சரி ஜெபா!’ என்று எழுதி, கைதட்டும் படம் இரண்டு போட்டு, அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டேன். பன்னிரண்டாவது பக்கம் தயார்.

மேலே சாலையோரம் ஒரு டீக்கடையில் ஆட்டோ நின்றது. நான் பின்னிருக்கையில் உட்கார்ந்துகொண்டேன். அருள்ராஜ் வெளியே ஒரு கையில் டீயும் ஒரு கையில் போனுமாக நின்றார். எழுத்தில் பாராட்டியது போதாது என்று குரல் செய்தி ஒன்றும் அனுப்பினேன். “ஜெபா, இன்னைக்கு முதல் பதில் உன்னோடது. உன்னைப் பார்த்து மத்தவங்களும் கத்துக்கணும்” என்று நான் பேசி அனுப்பிய சில நொடிகளில் டீக்கடை வாசலில் என் குரல் கேட்டது. “ஜெபா, இன்னைக்கு முதல் பதில் உன்னோடது…”

அருள்ராஜ் போனை அமுக்கி நிறுத்தப் பார்த்தார். டீ சட்டையில் கொட்டியதுதான் மிச்சம். என் குரல் கடைசி வார்த்தை வரை ஒலித்துவிட்டுத்தான் ஓய்ந்தது.

“அண்ணாச்சி, ஜெபா எங்க?” என்று கேட்டேன்.

“கோயில்ல பாட்டுப் பழகப் போயிருக்கா டீச்சர். காலையில ஏழு மணிக்கே போயிட்டா.”

“அப்ப இந்தப் பதில்?”

அவர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பேசினார். “கோவப்படாதிய டீச்சர். வீட்டுல இருக்கது ஒரே போனு. அது எங்கூடத்தான் சுத்துது. சவாரி இல்லாதப்ப நீங்க போடுத பாடத்தைப் பாப்பேன். மொதல்ல, புள்ளைக்கு நல்ல பேரு கெடைக்கட்டும்னுதான் ஒண்ணு ரெண்டு பதில் போட்டேன். பொறவு எனக்கே பிடிச்சிட்டு. எட்டாங் கிளாசோட நின்னவன் நான். ‘அருமை ஜெபா’ன்னு நீங்க போடுதப்போ, என்னையவே சொன்ன மாதிரி இருக்கும்.”

“ஜெபா எப்ப பாக்கா?”

“நான் வீட்டுக்குப் போவ எட்டு மணி ஆயிரும். போன வாங்கிப் பாப்பா. அதுக்குள்ள நான் பதிலப் போட்டிருப்பேன். ‘ஏம்ப்பா போட்டிய, எனக்கும் தெரியும்லா’ன்னு சண்டை பிடிப்பா. நாளைக்குப் போட மாட்டேன்ம்பேன். மறுநா கேள்வியப் பாத்ததும் கை நிக்காது.”

கோபம் வந்தது, மறைக்கவில்லை. முதல் அரை நிமிடம் அவர் மேல். பிறகு முழுக்க என் மேல். வகுப்பில் வாய் திறக்காத பெண் போனில் மட்டும் ஏன் திறக்கிறாள் என்று நான் ஒருநாளாவது அவளிடம் கேட்டேனா? காலை பதினொன்றரைக்கு, பிள்ளைகள் பள்ளியில் என் எதிரிலேயே உட்கார்ந்திருக்கும் நேரத்தில்கூட, குழுவில் பதில் வந்திருக்கிறது. அதையும் கைதட்டி வரவேற்றிருக்கிறேன். வருகைப் பதிவேட்டில் பத்தொன்பது வருடம் டிக் போட்டுப் பழகிய கை இது. போனில் நீல டிக்கைப் பார்த்ததும் ‘வந்துவிட்டாள்’ என்று கணக்கெழுதிவிட்டது. இப்படி ஏமாற ஓர் ஆசிரியையால்தான் முடியும்.

ஆட்டோவைக் கிளப்பச் சொல்லாமல் குழுவில் இப்படி எழுதினேன்: ‘இப்போது இந்தப் போனைக் கையில் வைத்திருப்பவர் யார் என்று குரலில் சொல்லுங்கள். யாரையும் திட்ட மாட்டேன்.’ அரை மணி நேரத்தில் இருபத்தாறு குரல்கள் வந்தன. ஒவ்வொன்றாகக் கேட்டேன். ‘நான் சுடலைமுத்து அம்மா டீச்சர், வயல்ல நிக்கேன்.’ ‘நான் அண்ணன், திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்கேன் மேடம், தம்பி என் நம்பரத்தான் குடுத்திருக்கான்.’ ‘ஆயிஷா மாமா டீச்சர், கடையில இருக்கேன், புள்ள வீட்ல.’ ஓர் அப்பா ஆலைக்குள்ளிருந்து, இயந்திர இரைச்சலுக்கு மேலே கத்தி, ‘ஷிப்ட்ல இருக்கேன், பொறவு பேசுதேன்’ என்றார். பிள்ளைகளின் குரல் என்று எண்ணினால் ஐந்து. அதில் ஒன்று மாரியப்பனுடையது. போன் உண்மையிலேயே கையில் இருந்த ஐந்து பேரில் ஒருவன், ரீல்ஸ் பார்த்து மாட்டிக்கொண்டவன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

பன்னிரண்டு பக்கமும் குப்பை என்று புரிந்தது. அப்போது ஒரு யோசனை வந்துபோனதையும் எழுதிவிடுகிறேன். இந்தக் குரல்கள் குழுவுக்குள்ளேதான் இருக்கின்றன, தலைமை ஆசிரியர் குழுவில் இல்லை. செவ்வாய்க்கிழமை அந்தப் பக்கங்களை நீட்டினால் தலைமை ஆசிரியர் நம்புவார், குழு பிழைக்கும். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

அருள்ராஜ் வேறு, “கூட்டத்துல புள்ள பேர மட்டும் சொல்லிராதிய டீச்சர். அவ ஒரு தப்பும் செய்யல,” என்றார்.  அவர் பெயரைப் பற்றி அவர் கேட்கவில்லை, பெண்ணின் பெயரைப் பற்றித்தான் கேட்டார். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்த பிறகு ஒன்று தெளிவாகிவிட்டது. அந்தப் பக்கங்களை நீட்டினால் ஜெபா செய்யாத ஒன்றுக்கு ஜெபாவைச் சாட்சியாக நிறுத்துகிறேன் என்று அர்த்தம். அதைவிடக் குழுவை மூடிவிடலாம். ஆனால் மூடவும் நான் தயாராக இல்லை. இன்னும் ஏழு மணி நேரம் பகல் இருக்கிறது, ஒரு நாள் முழுக்க ஞாயிறும் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பாபநாசத்திலிருந்து மணிமுத்தாறு அணை பதினான்கு கிலோமீட்டர் சொச்சம். சாலை நன்றாக இருக்கிறது, நடுவில் ஒன்றிரண்டு இடம் தவிர. 11.20-க்கு அணையடியில் இறங்கினோம். மேலே மாஞ்சோலை மலை பாதி மேகத்துக்குள் இருந்தது. அருவி இன்னும் மேலே, வனத்துறை சாவடியைத் தாண்டிப் போக வேண்டும். நான் போகவில்லை. அணைக்குக் கீழே, வேப்பமர நிழலில் ஒரு சிமெண்டுத் திண்டில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாதத்தைப் பிரித்தேன். அருள்ராஜுக்கும் ஒரு பொட்டலம் கொண்டுபோயிருந்தேன். முதலில் வேண்டாம் என்றார், பிறகு ஊறுகாய் கேட்டார்.

சாப்பிட்டுக்கொண்டே யோசித்தேன். போன் பெற்றோர் கையில்தான் இருக்கும். அதை மாற்ற என்னால் முடியாது. ஆறாயிரம் ஏழாயிரம் போட்டு இன்னொரு போன் வாங்குங்கள் என்று நான் யாரிடமும் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். அப்படியென்றால் கேள்வி போனில் போகட்டும்; பதில் போனில் வரக் கூடாது. ஆட்டோ ஸ்டாண்டிலோ திருப்பூரிலோ உட்கார்ந்து யாரும் பதில் சொல்ல முடியாத கேள்வியாக அது இருக்க வேண்டும்.

எங்கள் பிள்ளைகள் எல்லோர் வீட்டுக்கும் நடக்கும் தூரத்தில் ஏதோ ஒரு வாய்க்கால் ஓடுகிறது. கரையோரம் பத்து எட்டு வைத்து நடந்து, அந்தத் தூரத்தை அளந்துகொள்ள வேண்டும். ஒரு புங்க இலையைக் கரையோரத்திலும் ஒன்றை நடுவிலும் விட வேண்டும். பத்து எட்டைக் கடக்க எத்தனை எண்ணிக்கை ஆகிறது என்று மும்முறை எண்ணி, நோட்டில் படத்தோடு எழுதி, திங்கட்கிழமை கொண்டுவர வேண்டும். எழுதி முடித்து அருள்ராஜிடம் வாசித்துக் காட்டினேன்.

“டீச்சர், இப்ப வாய்க்கால்ல தண்ணி நெறையப் போவுது. கரையெல்லாம் பாசி. புள்ளைய தனியாப் போவக் கூடாதுன்னு போடுங்க,” என்றார்.

அது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. ‘போன் வைத்திருக்கும் பெரியவர் கண்டிப்பாகக் கூட நிற்க வேண்டும். யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. இலையைக் கரையிலிருந்தே எறியுங்கள். எண்ணிக்கையைப் பிள்ளைதான் எண்ண வேண்டும். குழுவில் யாரும் பதில் போட வேண்டாம்’ என்று சேர்த்தேன். அணையடியில் சிக்னல் நன்றாக இருந்ததால் 12.40-க்கு உடனே போய்விட்டது. கடைசி வரியைப் படித்துவிட்டு அருள்ராஜ் தலையைச் சொறிந்தார். “இது எனக்குத்தான போட்டிய?” என்றார். “ஒங்களுக்கும்தான் அண்ணாச்சி,” என்றேன்.

மதியம் இரண்டு வரை அணையைச் சுற்றி மூன்று வீடியோ எடுத்தேன். மணிமுத்தாற்றுத் தண்ணீர் எப்படிக் கால்வாயில் பிரிகிறது, எங்கே தாமிரபரணியோடு சேர்கிறது என்று. அவற்றை அனுப்பவில்லை, பிள்ளைகள் கையில் போன் இருக்கும் நேரத்துக்கு வைத்துக்கொண்டேன். கல்லிடைக்குறிச்சிக்குப் பத்து கிலோமீட்டர், 2.50-க்கு வந்துவிட்டோம். எண்பது ரூபாய்க்கு அப்பளம் வாங்கினேன். இறங்கும்போது அருள்ராஜ் சொன்னபடி ஆயிரத்து இருநூறுதான் வாங்கினார், ஒரு ரூபாய் கூட்டவில்லை. 3.15 பேருந்து, முப்பது ரூபாய். 4.25-க்குத் திருநெல்வேலி.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். பயணச் செலவு, அப்பளம் நீங்கலாக, மொத்தம் ஆயிரத்து முந்நூற்று முப்பது ரூபாய். அதில் ஆட்டோதான் பெரும்பங்கு. விக்கிரமசிங்கபுரத்திலிருந்து பாபநாசத்துக்கு நகரப் பேருந்து உண்டு, மணிமுத்தாறுக்கு அம்பாசமுத்திரத்திலிருந்து பேருந்து உண்டு. நேரம் இருந்தால் நூறு ரூபாய்க்குள் முடித்துவிடலாம், ஆனால் அணையில் திரும்பும் பேருந்தின் நேரத்தை முதலிலேயே கேட்டு வையுங்கள். அருவிகளுக்குத் தண்ணீர் வரத்தைப் பொறுத்து அனுமதி மாறும். சாவடியில் விசாரிக்காமல் கிளம்ப வேண்டாம். பிளாஸ்டிக் பை கொண்டுபோகாதீர்கள். பாபநாசத்தில் படம் எடுப்பவர்கள் குளிப்பவர்களை எடுத்துவிடாமல் தள்ளிப்போய் எடுங்கள். ஓர் அம்மா என்னை முறைத்ததில் நியாயம் இருந்தது. மாற்று பேட்டரி அவசியம். என்னைப் போல் ஆசிரியராக இருந்தால் கிளம்பும் முன்பே, போன் யார் கையில் எந்நேரம் இருக்கிறது என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டுவிடுங்கள். நான் இரண்டு வருடம் கழித்துக் கேட்டேன்.

திங்கட்கிழமை முப்பத்துநான்கு நோட்டுகள் வந்தன. ஏழு பேர் எழுதவில்லை; அதில் மூன்று பேர் வீட்டில் யாரும் கூட வரவில்லை என்றார்கள். அவர்களைச் செவ்வாய் மதியம் நானே அழைத்துப்போவதாகச் சொல்லிவிட்டேன். சாயங்காலம் பேருந்தில் நோட்டுகளைப் புரட்டினேன். கோணல்மாணலாகப் படங்கள். இலை வேரில் சிக்கியது, மீன் இழுத்தது, எண்ணும்போது தம்பி குறுக்கே பேசியது, எல்லாம் எழுதியிருந்தார்கள். ஜெபாவின் நோட்டு கடைசியில் இருந்தது.

அவள் இப்படி எழுதியிருந்தாள்: ‘எங்கள் வாய்க்கால் வீட்டுக்குப் பின்னால் வளைந்து போகிறது. வளைவில் நடுவில் விட்ட இலைக்கு 15, 14, 15. வெளிக்கரை ஓரத்தில் விட்ட இலைக்கு 11, 12, 11. அதனால் வளைவில் வெளிக்கரை ஓரம்தான் வேகம். நேராகப் போகும் இடத்தில் நடுவில்தான் வேகம். டீச்சர் பாபநாசத்தில் வளைவில் நின்றுதான் வீடியோ எடுத்தீர்கள். குழுவில் என் பேரில் வந்த பதில் தவறு. நீங்கள் மிகச் சரி என்று போட்டதும் தவறு.’

சேரன்மகாதேவி வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. வளைவில் வெளிக்கரையை ஆறு அரிக்கும், ஏனென்றால் அங்கேதான் வேகம் என்று அதே வகுப்பில் கரும்பலகையில் படம் போட்டு நடத்தியவள் நான். ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் அவசரத்தில் பதிலைச் சரியாகப் படிக்கக்கூட இல்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது, இரண்டும் ஒன்றாக வர முடியும் என்று அன்றுதான் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை காலை ஜெபாவைத் தனியாகக் கூப்பிட்டு, இதைக் கூட்டத்தில் வாசிக்கட்டுமா என்று கேட்டேன். அவள் நோட்டை வாங்கி, தான் எழுதியதை ஒருமுறை படித்தாள். பிறகு, “வாசிங்க டீச்சர். ஆனா பதில் போட்டது அப்பான்னு மட்டும் சொல்லிராதீங்க. அவுங்க பாவம்,” என்றாள். அப்பாவும் மகளும் இப்படி ஒருவரை ஒருவர் காப்பாற்றப் பார்த்தால் நான் யாரை வைத்துப் பேசுவது?

கூட்டத்தில் பன்னிரண்டு பக்கத்தையும் மேசையில் வைத்து, “இதுல இருக்கிறது பெரும்பாலும் பிள்ளைங்க பதில் இல்ல. அதைக் கவனிக்காதது என் தப்பு,” என்றேன். தலைமை ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். மாரியப்பனின் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு முப்பத்துநான்கு நோட்டுகளையும் வைத்தேன். யார் என்று சொல்லாமல் அந்த ஒரு பக்கத்தை வாசித்தேன். ‘நீங்கள் மிகச் சரி என்று போட்டதும் தவறு’ என்ற இடத்தில் யாரோ சிரித்தார்கள்.

பின்வரிசையில் அருள்ராஜ் எழுந்தார். சட்டையில் டீக்கறை இன்னும் இருந்தது. “அந்தத் தப்பான பதிலப் போட்டது நான்தான் சார். சரியா எழுதுனது எம்மவ. நானும் வாய்க்கால் கரையில கூடத்தான் நின்னேன். நடுவுலதான் வேகம்னு அடிச்சுச் சொன்னேன். ‘சும்மா இருங்கப்பா, எண்ணுதேம்லா’ன்னுட்டா,” என்றார். அறையே சிரித்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெபா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், அவளும் சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

மாரியப்பனின் அம்மா விடவில்லை. “அதெல்லாம் சரி டீச்சர், எம்மவன் ரீல்ஸ் பாக்கதுக்கு என்ன சொல்லுதிய?” என்றார். நியாயமான கேள்வி. பதில் நோட்டில் என்றால் பாடத்தைப் பார்த்ததும் போனைத் திருப்பி வாங்கிவிடலாம் என்றேன். அவர் யோசித்தார். “ஞாயித்துக்கிழமை வாய்க்காலுக்கு வந்து என்னையும் எண்ணச் சொன்னான். முக்கா மணி நேரம் போனக் கேக்கல,” என்று கொஞ்சம் மனசில்லாமலே சொன்னார். தலைமை ஆசிரியர் ஆண்டுத் தேர்வு வரை குழு இருக்கட்டும் என்றார். இரவு ஏழரைக்கு மேல் ஒரே ஒரு பதிவு, பதில் எல்லாம் நோட்டில், மாதம் ஒருமுறை நோட்டுகளை அவரிடம் காட்ட வேண்டும். முழு வெற்றி இல்லை. எனக்கு அது போதும், மீதியை ஆண்டுத் தேர்வுக்குப் பிறகு பார்த்துக்கொள்கிறேன்.

அன்று சாயங்காலம் குழுவில் மேலே தேடிப்போய், சனிக்கிழமை 9.16-க்கு வந்த பதிலையும் அதற்குக் கீழே இருந்த என் ‘மிகச் சரி’யையும் கண்டுபிடித்தேன். அழித்துவிடத் தோன்றியது. அழிக்கவில்லை. அதற்குப் பதிலாக இப்படி எழுதினேன்: ‘இரண்டும் தவறு. வளைவில் வெளிக்கரை ஓரம்தான் வேகம். திருத்தியவர், ஜெபா.’

அதை யார் யார் பார்த்தார்கள் என்ற பட்டியலை நான் இன்னும் திறக்கவில்லை.